வண்டி என் பெயருக்கு வந்த கதை

ஷார்ஜா,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சந்தியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் டப்ளின் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, மாத்திரையைத்தான் தினமும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. அம்மா எதற்குக் கோர்ட்டுக்குப் போனாள் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியில் புகுந்து நியாயம் பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

கீழ்வீட்டுப் பன்னீர்செல்வத்துக்குப் போன வருஷம் வேலை போனது உனக்குத் தெரியும். மூன்று வங்கி அட்டைகளில் வாங்கியதைக் கட்ட முடியாமல் திவால் மனு போட்டான். இங்கே தனி ஆளும் அப்படிக் கேட்கலாம், இருப்பதையெல்லாம் மறைக்காமல் காட்டினால் நீதிமன்றம் ஒரு பொறுப்பாளரை வைத்துக் கணக்குப் பார்த்து, தவணை பிரித்துக் கொடுக்கும். மனு போடுவதற்கு இரண்டு மாதம் முன்னால் அவன் தன் காரை என் பெயருக்கு மாற்றினான். நான் பணம் கொடுத்து வாங்கியதாக ஒரு ரசீதும் எழுதி வந்தான், கையெழுத்துப் போட்டேன். நான் ஒரு திர்ஹம்கூடக் கொடுக்கவில்லை, சாவியும் அவனிடமேதான் இருந்தது. வண்டி போய்விட்டால் வேலை தேடி எப்படி அலைவான் என்பதுவரைதான் என் யோசனை போயிற்று.

வங்கியின் வக்கீல் இதைக் கண்டுபிடித்து, சொத்தை ஒளித்திருக்கிறான், மனுவைத் தள்ளுங்கள் என்றார். நிஜமான விற்பனைதான் என்று காட்டுவதற்காகப் பன்னீரின் வக்கீல் அந்த ரசீதையும், அவன் எனக்கு வாட்ஸப்பில் அனுப்பிய குரல் செய்தியையும் கொடுத்தார். ஸ்கிரீன்ஷாட் போதாது என்று நீதிமன்றத்தில் என் போனையே கொண்டுவரச் சொல்லி, நம்பர் தேதியெல்லாம் சரிபார்த்தார்கள். குரல் செய்தியை அரபியில் மொழிபெயர்த்து முத்திரை குத்தியிருந்தார்கள். எங்கள் ஆபீஸ் நூஹு அரபி நன்றாகப் படிப்பான், அவனிடம் நகலைக் காட்டினேன். “வண்டிய உங்க பேருக்கு மாத்தி வச்சுக்கங்கன்னு போட்டிருக்கு, அவ்ளோதான்க்கா” என்றான். பன்னீர் சொன்னதோ, “அக்கா, சும்மா உங்க பேருக்கு மாத்தி வச்சுக்கங்க” என்று. அந்தச் சும்மாவை மொழிபெயர்த்தவர் விட்டுவிட்டார். அது இல்லாவிட்டால் எல்லாருக்கும் வசதி, எனக்கும்தான். அப்பா, “அவங்க எழுதுனதுதானே ஜோதி, கலாஸ், முடிஞ்சுது, பேசாம இரு” என்றார். பன்னீரின் மனைவி ராதிகா வந்து ஒன்றும் கேட்காமல் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

வாக்குமூலம் எடுத்த பொறுப்பாளர் எகிப்துக்காரர், அதிர்ந்து பேசாத மனிதர், பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒரு பெண்ணை வைத்திருந்தார். சத்தியம் வாங்கியதும் முதல் கேள்வியே பணம் கொடுத்தீர்களா என்பதுதான். இல்லை என்றேன். ரசீதைக் காட்டினார், கையெழுத்து என்னுடையது, விஷயம் பொய் என்றேன். பிறகு நானாகவே, குரல் செய்தியில் ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது, மறுபடி போட்டுக் கேளுங்கள் என்றேன். சின்ன அறை, அவன் குரல் பெரிதாகக் கேட்டது. எதிரே உட்கார்ந்திருந்த பன்னீர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுதியதைத் தமிழில் சொல்லச் சொல்லி, தப்பாக இருந்த ஒரு தேதியைத் திருத்த வைத்து, அதன் பிறகே கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தேன். பன்னீர் பக்கத்தில் வந்து, “ஒரு வார்த்தைதானுங்கக்கா, உட்டிருக்கலாமுங்கல்ல” என்றான்.

கார் ஏலத்துக்குப் போயிற்று. பொய் ரசீதுக்காக எனக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். அடுத்த வாரம் பன்னீரும் போய் ஒத்துக்கொண்டான், அதனால் மனுவைத் தள்ளாமல் மூன்று வருஷத் தவணை கொடுத்திருக்கிறார்கள். பின்னால் தெரிந்திருந்தால் எல்லாம் போயிருக்கும் என்று அவன் வக்கீலே சொன்னாராம், ராதிகா சொன்னாள். அவன் மட்டும் என்னிடம் பேசுவதில்லை. பக்காலா கடையில் பால் வாங்கும்போது எதிரே பார்த்தால் ஒதுங்கி நிற்கிறான். எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் அதுவும் பொய்.

நீ போன வாரம் கேட்டாயே, எங்கள் ஆபீஸில் இரண்டு வருஷம் வேலை பார்த்ததாக ஒரு கடிதம், அதைத் தரமாட்டேன். லீவில் வந்தபோது ஆறு வாரம் ஃபைல் அடுக்கினாய், அந்த ஆறு வாரத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். கோபம் வந்தால் வரட்டும், போனை மட்டும் எடு. விசா புதுப்பிக்கும் தேதியை மறந்துவிடாதே. மருதமலையான் உனக்குத் துணையிருப்பான், நல்லபடியாக இரு கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜோதிமணி