முழங்காலுக்குக் கீழே

ஹாலிஎல,
12.10.1989

அன்புள்ள ஜெசீகா அக்காவுக்கு,

நடந்த எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதப்போகிறேன். தந்தியில் அப்பா விபத்து என்று போட்டார். அது பொய். நம் ஜெஸ்டின் அண்ணனைக் கொன்றுவிட்டார்கள். குவைத்தில் நீ தனியாக இருக்கிறாய். பக்கத்தில் யாராவது இருக்கும்போது மீதியை வாசி.

பட்டாளத்தில் இருப்பவர்கள் விலகாவிட்டால் சாவுதான் என்று அரசாங்கத்தை எதிர்க்கும் ஆயுதக்காரர்கள் தேயிலை ஸ்டோர் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அதனால் அண்ணன் லீவில் சீருடை இல்லாமல், சாரம் கட்டிக்கொண்டுதான் வந்தார். கொழும்பில் பேக்கரி லொறி ஓட்டுகிறான் என்றே அப்பா தோட்டத்து லய வீடுகளில் சொல்லிவைத்திருந்தார். அது பட்டாள லொறி என்று நமக்கு மட்டும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் அம்மா உபதேசியாரிடம் போய், பட்டாளத்துல இருந்து புள்ள சுகமா வந்துட்டான் ஐயா, நேர்ந்துகிட்டபடி நன்றி சொல்லணும் என்று கேட்டிருக்கிறார். அவர் வழக்கம்போலத் தமிழில் ஒரு தடவை, கீழ்க் கிராமத்துச் சனங்களுக்காகச் சிங்களத்தில் ஒரு தடவை, பட்டாளத்திலிருந்து திரும்பிய மத்தேயு மகன் ஜெஸ்டினுக்காக என்று சத்தமாக மன்றாடினார். அப்பா திரும்பிக் கீழ்க் கிராமத்துச் சனங்களைப் பார்த்தார். அண்ணனோ, பட்டாளத்துல தராத பதவி உயர்வ உபதேசியார் குடுத்துட்டாரும்மா என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் பொழுது சாயும்போது முகத்தில் துணி கட்டிய நான்கு பேர் தோளில் துவக்கோடு வந்தார்கள். ஒருவன் பள்ளிக்கூடச் சப்பாத்து போட்டிருந்தான். அப்பா வாசலில் விழுந்து, லொறிதாங்க ஓட்டுறான், துவக்கத் தொட்டதே இல்லீங்க என்று கும்பிட்டார். துவக்குப் பிடியால் அவர் வாயில் அடித்தார்கள். முன்பற்கள் போய்விட்டன. சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனை எச்சில் கையோடு பின்கட்டாகக் கட்டினார்கள். சோத்த மூடி வைங்கம்மா, வந்துர்றேன் என்றார். முடியைப் பிடித்து இழுத்துப்போனார்கள். லயத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை.

காலையில் பாலத்தடியில் கிடந்தார். முகத்திலேயே சுட்டிருந்தார்கள். முகம் இல்லை அக்கா. நெஞ்சில் துரோகி என்று எழுதிய அட்டை. கட்டிய கையில் சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் அண்ணன் என்று சொன்னேன்.

துரோகியின் சவப்பெட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கக்கூடாது, மணி அடிக்கக்கூடாது, பொழுது பட்டால் விளக்கு எரியக்கூடாது என்று ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்கள். தூக்கியவர்கள் குனிந்தபடியே மலையேறினார்கள். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டைகளில் பெட்டியின் அடி உரசிக்கொண்டே வந்தது. பக்கத்து வீட்டு இராமையா மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை நிமிர்ந்தார். மேலே ரோட்டில் காவல் நின்ற அவர்களுடைய ஆள் வானத்தைப் பார்த்துச் சுட்டான். மாமா மறுபடியும் குனிந்தார். நம் வீட்டிலேயே உயரமானவர் அண்ணன்தான்.

உபதேசியார் வந்து அழுதார். அம்மா அவரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தச் சோற்றை இன்னும் மூடித்தான் வைத்திருக்கிறார். புளித்து நாறுகிறது, யாரையும் தொட விடுவதில்லை.

அக்கா, உன் பதிலை நான்தான் அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவர்களுக்கு எப்படித் தெரிந்தது, யார் சொன்னது என்று மட்டும் கேட்டு எழுதிவிடாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன். மாதா உன்னைக் காப்பாள் என்று எழுதச் சொன்னார் அம்மா. எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை
மரியகொரட்டி

பி.கு: அப்பா விளக்கை அணைத்துவிட்டார். இந்த வரி கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.