மை எழுதிய கண்கள்

1988 நவம்பர் 13, ஞாயிறு. ஏற்காடு.

மாரமங்கலம் பக்கம் ஒரு எஸ்டேட் ஓரத்தில், ஓவிய ஆசிரியை ஸ்டெல்லா சிமெண்டில் செய்துவரும் சிலைத் தோட்டத்துக்குப் பத்திரிகைக்காகப் படம் எடுக்கப் போனேன். குறி பார்க்கும் டாரட் சீட்டுகளில் வரும் பெண்கள் அங்கே ஆளுயரத்துக்கு நிற்கிறார்கள். ரகசியம் காக்கும் பெண் பூசாரிக்கு மட்டும் அவர் வேண்டுமென்றே கண் வைக்கவில்லை. இன்று அவளுக்கு மையில் இரண்டு கண்கள், நெற்றியில் குங்குமம்.

வரைந்தது தான்தான் என்பதை, அங்கே காப்பி பறிக்கும் பாப்பாத்தி ஒளிக்கவில்லை. "கண்ணு தொறக்காம எத்தன நாளைக்குங்க டீச்சர் உட்டு வெப்பீங்க? நொம்பப் பாவமுங்க."

ஸ்டெல்லா சிரித்தபடியே ஈரத்துணியை எடுத்தார். பூசை தொடங்கினால் சிலைகளை இடித்துவிடுவதாக இடம் கொடுத்த எஸ்டேட்காரர் சொல்லியிருக்கிறார். கோயிலாகிவிட்டால் நிலம் திரும்பாது என்று அவருக்குப் பயம்.

"தொறந்த கண்ண மூடறது ஆகாதுங்க" என்றாள் பாப்பாத்தி.

ஸ்டெல்லா அந்த முகத்தையே பார்த்தார். "எனக்கு இவ்வளவு நல்லா வந்திருக்காது" என்றார். குங்குமத்தை மட்டும் துடைத்தார். பிறகு என்னிடம், "நீங்க முன்னாடியே போட்டோ எடுத்துட்டீங்களா? பேப்பர்ல வந்தா எஸ்டேட்காரர் பாப்பாரே" என்றார்.

எடுத்திருந்தேன், குங்குமத்தோடு.

இத்தனை வருடத்தில் பத்திரிகை ஆசிரியருக்கு நான் பொய் எழுதியதில்லை. பிலிமில் வெளிச்சம் பட்டு படங்கள் வீணாகிவிட்டன என்று இப்போது எழுதி, உறையை ஒட்டிவிட்டேன்.