ஆறாம் நாளோடு நிற்கும் விளையாட்டு

மேல் கலிலேயா
ஞாயிறு, 6 ஜனவரி 1985

அன்புள்ள தம்பி கிதோனுக்கு,

அக்கா ஹெம்தா எழுதுவது. நானும் உன் மகள் நிலியும் உடம்பளவில் நலம். பெரு நாட்டில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே பத்து நாளாக மழை. உன் வீட்டுச் சமையலறைக் கூரை ஒழுகியது, ஆள் வைத்து அடைத்துவிட்டேன். அவகாடோ பறிப்பு சேற்றில் நிற்கிறது. உன் அஞ்சலட்டை வந்தது. அதிலிருந்த லாமா ஆட்டின் படத்தை நிலி தலைமாட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் நல்ல அக்கா என்று பெயர் வாங்கலாம். என் வாய்தான் உனக்குத் தெரியுமே.

பத்யாவை அடக்கம் செய்து ஏழு நாள் துக்கம் முடிந்த மறுநாளே நீ விமானம் ஏறினாய். போகும்போது, குழந்தையிடம் யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம், அம்மா ஹைஃபா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று சொல்லுங்கள், பெசாக் பண்டிகைக்கு வந்து நானே பக்குவமாகச் சொல்கிறேன் என்றாய். நானும் சத்தியம் செய்து கொடுத்தேன். அந்த ஏழு நாளும் நிலியை எதிர்வீட்டில் வைத்திருந்தோம். எதிர்வீட்டு ஜன்னல் உன் வாசலைப் பார்த்து இருக்கிறது என்பது உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

எங்கள் பாலர் பள்ளியின் தட்டுமுட்டு முற்றம் உனக்கு நினைவிருக்கும். நீ கொடுத்த ஓட்டை டிராக்டர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. கூடவே உடைந்த தையல் மிஷின், சக்கரம் போன குழந்தை வண்டி, யாரோ கொண்டுவந்து போட்ட குளியலறைக் கண்ணாடி. மூன்று வாரத்துக்கு முன் நிலி அந்தக் கண்ணாடியைப் பழைய போர்வையால் மூடினாள். காய்கறிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டாள். தான் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்துப் பெட்டியைக் காலியாக வைத்தாள். கூடப் படிக்கும் குட்டி அமோட்ஸ் ஓடிவந்து ஷாலோம் என்று வணக்கம் சொன்னதும் அவனை அதட்டினாள்: "ஷாலோம் சொல்லக் கூடாது. பேசாம வந்து உக்காரு. நான் பேசினாத்தான் நீ பேசணும்."

கண்ணாடியை மூடி, தாழ உட்கார்ந்து, வந்தவர்களோடு வணக்கம் பேசாமல், உன் வீட்டில் அந்த ஏழு நாளும் நாம் இருந்த இருப்பு அப்படியே அது.

இருபத்திரண்டு வருஷமாக நான் பெற்றோர்களிடம் அடித்துச் சொல்வது ஒன்றுதான். குழந்தையை இழுத்துக்கொண்டு போகாதீர்கள், அது விளையாடும் வழியில் பின்னால் போங்கள், அதற்கு எது தெரிய வேண்டுமோ அதை அது விளையாட்டில் கேட்கும். ஊர் முழுக்க இதைச் சொன்னவள் அன்றைக்கு என்ன செய்தேன் தெரியுமா? போர்வையை உருவினேன். வாருங்கள், சந்தை விளையாடலாம் என்று எல்லாரையும் இழுத்துப் போனேன். நிலி மறுக்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு வந்து முட்டையும் பயறும் மட்டும் வாங்கினாள். நேரே அந்தப் பெட்டிகளுக்கே கொண்டுபோய் வைத்தாள். துக்க வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் என்ன கொண்டுவருவார்கள் என்று இந்த ஐந்து வயதுக்குத் தெரிந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் பார்த்தேன், அவளுடைய நீல கவுனின் கழுத்து இடப்பக்கம் கத்தரிக்கப்பட்டிருந்தது. நல்ல துணியை வீணாக்கிவிட்டாயே என்று திட்டிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து தைத்தும் கொடுத்தேன். கடைசித் தையல் போடும்போதுதான் புத்தியில் உறைத்தது. அம்மா இறந்த துக்கத்தில் கிழித்துக்கொண்ட துணியைத் தைக்கக் கூடாது கிதோன். அது குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் தடுக்கவில்லை. தினமும் டிராக்டரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுகிறாள். வெள்ளிக்கிழமை ஆறு கோடு. ஞாயிற்றுக்கிழமை வந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஒன்று. இப்படி மூன்று வாரம். எண்ணத் தெரியவில்லை போலிருக்கிறது என்று, வாத்தியாரம்மா புத்தி, ஏழு கரண்டியை வைத்து எண்ணச் சொன்னேன். பிசகாமல் எண்ணிவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

"ஏழாவது நாள் சனிக்கிழமை அத்தை. அன்னிக்கு ஸ்கூல் கிடையாதே. அது வீட்டுல. அப்பா வராம நான் எப்படி எந்திரிக்கிறது?"

ஏழாம் நாள் காலை ஒருவர் வந்து ‘எழுந்திரு’ என்று சொன்னால்தான் துக்கத்திலிருந்து எழுந்திருக்கலாம் என்பதையும் அவள் பார்த்து வைத்திருக்கிறாள். காலிப் பெட்டி உன்னுடையது, தம்பி. அமோட்ஸ் தெரியாமல் அதில் உட்கார்ந்தால் சண்டைக்குப் போகிறாள்.

என்னோடு வேலை செய்யும் பெனினா எதையும் பூசி மெழுகமாட்டாள். பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "புள்ள தெளிவாத்தான் இருக்கு ஹெம்தா. நீயும் உன் தம்பியுந்தான் ஆஸ்பத்திரி விளையாட்டு விளையாடிட்டிருக்கீங்க." எனக்குக் கோபம் வந்தது. நிலி அம்மாவைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஹைஃபா என்ற பேச்சை எடுத்தால் தலையாட்டிக்கொள்கிறாள். நாம் சொன்ன பொய்யை நமக்காக அவள் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். அதுதான் என்னைத் தின்கிறது.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அதுவும் பொய். ஆனால் பத்யா கட்டிலின் அருகே நீ இருந்த இருப்பையும் பார்த்தவள் நான். சொட்டு நீர்க் குழாய் போட அவ்வளவு தூரம் ஏன் ஓடினாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எழுந்திரு என்ற வார்த்தையை நானே சொல்லி அவளை எழுப்பிவிடலாமா என்று போன சனிக்கிழமை காலை முழுக்க அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் வரவில்லை. அந்த வார்த்தை உனக்காக வைத்தது.

பெசாக் வரை வேண்டாம். அதற்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. லீவு கேள், தரவில்லை என்றால் சண்டை போடு. ஒரு வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் வீடு வந்து சேர். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ளாதே. சனிக்கிழமை காலையில் அவள் பக்கத்தில் போய் உட்கார். பிறகு கையைப் பிடித்து எழுப்பி, துக்கம் முடிந்த அன்று நாம் நடந்தோமே, அதே மாதிரி நம் தெருவை ஒரு சுற்று நடத்திக் கூட்டிக்கொண்டு வா. வழியை அவள் காட்டுவாள்.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். நீல கவுனில் நான் போட்ட தையலைப் பிரித்துவிட்டேன்.

உன் வழி பார்த்திருக்கும்,
அக்கா ஹெம்தா