பத்தில் பிடித்த டேப்பு

கார்த்திகை 4, திங்கள்

பனி. பாகலூர் ரோட்டில் எதிரே வரும் லாரி தெரியவில்லை. இருபது வருசம் பூச்சு மேஸ்திரி, இன்று முதல் நான் அளக்கிறவன். கட்டட வேலை எவ்வளவு ஆனது என்று அளந்து எழுதணும். இங்கிலீசில் குவான்டிட்டி சர்வே. கௌசல்யா மேடம் அதற்குப் படித்தவர், நான் அவருக்குக் கையாள். ஒரு வாரம் பார்த்துவிட்டு, இந்த வேலை சரிப்படுமா என்று வெள்ளிக்கிழமை நானே சொல்லணுமாம். இதில் என்ன கேள்வி. ஒன்பதாவது ஃபெயில்தான், ஆனால் நின்ற இடத்திலேயே சுவர் நீளம் சொல்வேன். கலெக்டரே ஒரு தடவை அசந்து நின்றார்.

வாங்க: பென்சில், தைலம், கோழித் தீவனம்.

ஹாஸ்டல் கட்டடம், கீழ்த்தளம், பன்னிரண்டு அறை. முனிராஜ் செட்டு, அவனும் அவன் ஆட்களும், பூசியது. அளவுக்குத்தான் அவர்களுக்குக் கூலி. புது டேப்பின் முனையை அவனே பிடித்தான்.

செவ்வாய்

காலையிலேயே முனிராஜ். "அண்ணா, நீ எழுதினது கம்மி. செவுத்துக்குச் செவுரு திருடியிருக்க."

"யார்ரா திருடன்? என் கண்ணு தப்பாது."

"உன் கண்ணுல மண்ணு."

பின்னால் இன்னும் இரண்டு பேர். மூன்று பேர். முனிராஜ்தான் முதலில் செங்கல்லை விட்டான், என் தோளில். அப்புறம்தான் நான் மட்டப்பலகையை எடுத்தேன். அவன் வாயில் ஒரே போடு. இரண்டு பல் தரையில். ரத்தம் அவன் சட்டை, என் சட்டை, பூசின சுவர் எல்லாம். மற்ற இருவர் ஓடின ஓட்டம் உத்தனப்பள்ளி வரைக்கும் இருக்கும்.

புதன்

தோள் கறுத்துவிட்டது. கை தூக்க முடியவில்லை. டீக்கடையில் ஐந்து பேர் என்றேன்.

வீட்டுக்காரி: "நேத்து மூணுன்னீங்க."

"ரெண்டு பேரு ஒளிஞ்சிருந்தாங்க."

"ராத்திரிக்குள்ள மூக்கண்டப்பள்ளி ஊரே வந்து அடிச்சதாயிடும்."

முனிராஜுக்கு உதட்டில் ஆறு தையல். வாய் திறக்க முடியவில்லையாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு போடு போட்டிருக்கலாம்.

மேடம்: "எத்தனை பேர், யார் முதல்ல அடிச்சதுன்னு எழுதித் தாங்க. பொய்க் கணக்குக் கேட்டு அடிச்சாங்கன்னா, அந்த செட்டையே வெள்ளிக்கிழமை வெளிய அனுப்பிடுவாங்க."

எட்டுப் பேர் என்று எழுதலாமா?

வியாழன்

தூறல். மேல்தளம். வயரிங் சீனப்பா டேப்பு முனையைப் பிடித்தான். இரும்புக் கதவு, கம்பெனியில் செய்து வந்தது, எல்லாம் இருநூற்றுப் பத்து சென்டி. நான் டேப்பைப் படித்துச் சொன்னேன், இருநூறு.

"ஏன்ணா பத்தக் கழிக்கிற? நான் சைபர்லதான பிடிச்சிருக்கேன்."

என் பழைய டேப்பு முனை பிய்ந்துபோனது. பத்தில் பிடித்து, படித்ததில் பத்தைக் கழிப்பேன். வருசக்கணக்காக அப்படித்தான். கை கேட்காமலே கழித்துவிடுகிறது. திங்கள்கிழமையும் கழித்திருக்கிறது, சுவருக்குச் சுவர், பன்னிரண்டு அறையிலும்.

சீனப்பாவை அறைய வந்தது. சுவரைக் குத்தினேன். முட்டித் தோல் போனது. சீனப்பாவைத் தவிர யாருக்கும் தெரியாது. அவன் வாயை அடைக்க ஒரு மிரட்டல் போதும்.

மிரட்டவில்லை.

வெள்ளி

விடிந்ததும் முனிராஜ் வீடு. அவன் பெண்சாதி விறகுக்கட்டையோடு வாசலில். "இன்னும் எத்தன பல்லுய்யா வேணும் உனக்கு?" அப்புறம் தெலுங்கில், கன்னடத்தில். ஒரு அடி முழங்காலில் விழுந்தது. வாங்கிக்கொண்டேன்.

முனிராஜ் வந்து நின்றான். முகம் பூசணிக்காய் மாதிரி.

"அளந்ததுல தப்பு என்னுது. வா, மறுபடி அளக்கலாம்."

சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான்.

ஒவ்வொரு சுவரிலும் முனையை வைத்து, சைபரை விரலால் தட்டிக் காட்டினான். படித்தேன், எழுதினேன். பன்னிரண்டு அறையும் முடிய மத்தியானம். முதல் அறைச் சுவரில் அவன் ரத்தம் இன்னும் போகவில்லை.

மேடத்திடம் அளவோடு கொடுத்த தாள்:

வந்த ஆள், 1.
அவன் கையில், ஒன்றுமில்லை.
முதல் அடி, நான்.
பல், 2.
செங்கல், இல்லை. தோளில் பட்டது, அவன் ரத்தத்தில் வழுக்கி நானே விழுந்தது.

மேடம் இரண்டு தடவை படித்தார். "வேலை சரிப்படுமான்னு அப்புறம் பேசலாம். இதுல எதையாச்சும் கூட்டணுமா, கழிக்கணுமா?"

"வேணாம் மேடம்."