முத்துப் போடாமல் வந்துபோன அம்மை

தொம்மலூர்,
12.3.1996

அன்பு மாமாவுக்கு,

உங்கள் தனம் எழுதுகிறேன். காய்ச்சல் தணிந்ததா, இளநீர் குடிக்கிறீர்களா என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். கை நிற்கவில்லை, முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை அண்ணன் இன்று மாலையே கொண்டுவந்து தருவார், நாளைக் காலை நானே பொம்மசந்திராவுக்கு, நம் வீட்டுக்கு வருகிறேன். திட்டாமல் மீதியைப் படியுங்கள்.

உங்கள் நெற்றியில் முதல் முத்தைப் பார்த்ததுமே, மாசமாக இருப்பவள், அம்மை பார்க்காதவள் என்று அண்ணன் என்னை ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு தம் வீட்டுக்கு வந்தாரே, இங்கே டாக்டர் டோரதியிடம் காட்டினோம். அம்மை போட்டிருக்கிறதா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பெருமையாக ஆரம்பித்துவிட்டார். தங்கவயலில் சின்ன வயதில் அவருக்கு உடம்பெல்லாம் முத்துப் போட்டபோது நான் அதே பாயில்தான் உருண்டுகொண்டிருந்தேனாம். எனக்கு ஒரு முத்துகூட வரவில்லையாம். ஆத்தா என்னைத் தாண்டிப் போய்விட்டாள் என்று எங்கள் அம்மா இன்றுவரை ஆடிக்கு ஆடி கூழ் ஊற்றுவது உங்களுக்கும் தெரியும்.

டாக்டர் சிரித்துக்கொண்டே, எதற்கும் பார்ப்போம் என்று ரத்தம் எடுக்கச் சொன்னார். இன்று முடிவு வந்துவிட்டது மாமா! அம்மையை எதிர்க்கும் சக்தி என் ரத்தத்தில் எப்போதோ ஊறிக் கிடக்கிறதாம். "ஆத்தா தாண்டிப் போகலைம்மா, உள்ள வந்துட்டுத்தான் போயிருக்கா. முத்துப் போடறதுக்குள்ள உன் உடம்பு அடக்கிடுச்சு" என்றார்.

ஒரே பாயில் அண்ணனுக்கு வடு, எனக்கு ஒன்றுமில்லை, அது எப்படி என்று விடாமல் கேட்டேன். சிலர் உடம்பு கிருமி நுழைந்ததுமே விழித்துக்கொள்ளுமாம், சிலருக்குக் கொஞ்சம் பிந்துமாம். ஏன் என்பது டாக்டர்களுக்கே முழுதாகப் பிடிபடவில்லையாம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். அவர்தான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார், இத்தனை ஆடி ஊற்றிய கூழ் எதற்காம் என்று. வந்தும் விட்டுவைத்தாளே, அதற்குத்தான் என்றேன்.

பக்கத்து வீட்டு லட்சுமம்மா வாசலில் வைத்துவிட்டு ஓடும் கஞ்சி இனி வேண்டாம். நான் காய்ச்சித் தருகிறேன். அரிப்புக்கு வேப்பிலையால் நான் வருடிவிடுகிறேன், நகம் படக்கூடாது. முத்து இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை பொறு என்று மட்டும் சொல்லாதீர்கள். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளிருந்து விரட்டினால் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவேன்.

போன கடிதத்தில் வயிற்றுப் பிள்ளையைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதவில்லை. உங்கள் பதிலில் நீங்களும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே பயம்தான். என்னிடம் இருக்கும் சக்தி பிள்ளைக்கும் போய்ச் சேருமாம், இந்த அம்மையால் அதற்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளை கதவைத் திறந்ததும் என்னை ஏன் வந்தாய் என்று கேட்காதீர்கள். பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

உங்கள்
தனலக்ஷ்மி