அடிக்காத அலாரம்

அரியலூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மனைவி மலர்க்கொடிக்கு,

இங்கே நான் நலம். குவைத்தில் குளிர் தொடங்கிவிட்டதாகச் சொன்னாய். ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும்போது ஸ்வெட்டரை மறக்காதே. போனில் நீ "சாப்டீங்களா?" என்று கேட்டதும் "சாப்டேன்" என்று சொல்லி முடித்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பால் பொங்கித் தீ அணைந்திருக்கிறது. கேஸ் கசிந்தது எனக்குத் தெரியவில்லை. கொரோனாவில் போன வாசனை இன்னும் திரும்பவில்லை. அதற்காகத்தானே எங்கள் ஆய்வகத்தில் செய்த கேஸ் அலாரத்தைச் சமையலறையில் மாட்டச் சொன்னாய்? அதுவும் அடிக்கவில்லை. எதிர்வீட்டு அம்மாக்கண்ணு அக்கா ஓடிவந்து, "தம்பி, கேஸ் நாத்தம் தெரு வரைக்கும் வருது, வூட்டுக்குள்ள என்ன பண்றீங்க?" என்று கத்தினார். சிலிண்டரை மூடி, கதவைத் திறந்துவிட்டு, ஒரு சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்தேன். ஒன்றும் ஆகவில்லை. பயப்படாதே.

அலாரத்தைக் கழற்றிப் பெரம்பலூர் ஆய்வகத்துக்கு எடுத்துப்போனேன். அதனுள்ளே சின்னதாக ஓர் உலோக ஆக்சைடு துண்டு எப்போதும் சூடாகவே இருக்கும்; கேஸ் பட்டால் அதில் ஓடும் மின்சாரம் கூடும், அலாரம் அடிக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, அளந்து கேஸ் விட்டுப் பார்த்தேன். புதியது உடனே அடித்தது. நம் வீட்டில் இருந்தது அசையவே இல்லை. எண்ணெய்ப் புகையும் தாளிப்பும் பட்டுப் பட்டு மழுங்கிவிட்டது. நாங்களோ எல்லாவற்றையும் புதிதாக இருக்கும்போதே சோதித்துச் சரி என்று விட்டிருந்தோம். அதே அலாரங்களை அடுத்த மாதம் உடையார்பாளையத்தில் வீடுவீடாகக் கொடுப்பதாக இருந்தது.

ஆய்வகத் தலைவர் சத்யப்பிரியா மேடத்திடம் சொன்னேன். கூட வேலை பார்க்கும் பிரேம்குமாருக்குக் கோபம். "குடுக்கிற விழாவுக்குத் தேதி குறிச்சாச்சு, இப்பப் போயி சொல்றீங்களே" என்றான். ஆனாலும் மேடம் நிறுத்திவிட்டார். இனி மாதக்கணக்கில் சூட்டிலும் எண்ணெய்ப் புகையிலும் வைத்துப் பழசாக்கி, அப்புறமும் அடிக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டுமாம். அந்த வேலையை எனக்கே கொடுத்தார். பிறகு, "அன்னிக்கி வீட்ல வேற யாரும் இல்லையா சார்?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கப் போய்விட்டேன்.

அதிலிருந்து நான் அடுப்பே பற்றவைப்பதில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லி கிடைக்கிறது. இன்றைக்கு அக்கா குழம்பு கொடுத்தனுப்பினார். ருசி பாதிதான் தெரிகிறது.

இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருக்கச் சொல்கிறார்கள் என்றாய். உன் வேலை, உன் முடிவு, நான் தடுக்கமாட்டேன். சரியென்று சொல்வதற்கு முன் ஒருமுறை ஊருக்கு வந்துபோ. காபி நானே போடுகிறேன். தீ எரிகிறதா என்று நீ பக்கத்தில் நின்று பார்த்தால் போதும்.

நீ நன்றாயிருக்க வேண்டும்.

உன்,
பாலசுந்தரம்