மல்லியின் குதிகால்

3 பிப்ரவரி 2025, திங்கள்

சோழபுரத்தில் இரண்டு ஜோடி மாட்டுக்கு லாடம் அடித்துவிட்டுத் திரும்பும்போது ஜாஸ்மின் போன் செய்தாள். ராஜபாளையத்தில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவள். "அண்ணாச்சி, கிறிஸ்துமஸுக்கு முந்தி நீங்க லாடம் அடிச்சதுல இருந்து மல்லி நடை சரியில்ல. இப்ப ரெண்டு முன்னங்காலும் நொண்டுது." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருபத்தாறு வருஷத்தில் என் கையை ஒருத்தரும் குறை சொன்னதில்லை. கல்லில் இடறியிருக்கும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

4 பிப்ரவரி

கல்லில் இடறினால் ஒரு கால்தானே நொண்டும்?

5 பிப்ரவரி, புதன்

போய்ப் பார்த்தேன். மல்லி குளம்பின் நுனியை மட்டும் ஊன்றுகிறது. குதிகாலைத் தரையில் வைக்கப் பயம். ஜாஸ்மினின் அண்ணன், "வைகாசிக்குள்ள நடக்கலன்னா வித்துர வேண்டியதுதான்" என்றான். நொண்டிக் குதிரையை எவன் நல்லதுக்கு வாங்குவான்? அவள் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் எட்வினுக்குப் போன் போட்டேன். என்னோடு படித்தவன், ராணுவத்தில் குதிரைகளுக்கு லாடம் அடித்து ஓய்வு பெற்றவன்.

"எப்படி அடிச்ச?"

"மாட்டுக்கு மாதிரிதான். கயிறு போட்டுச் சாய்ச்சு."

"ஆணி?"

"சுத்தி எட்டு. குதிகால் வரைக்கும். கழண்டுறக் கூடாதுல்லா."

எட்வின் கத்தியே விட்டான்.

"ஏலே, மாட்டுக்குப் பிளந்த குளம்பு, அது பாட்டுக்கு விரியும். குதிரைக்கு ஒத்தக் குளம்பு. மிதிக்கும்போது குதிகால்தான் விரிஞ்சு குடுக்கணும். அங்க ஆணி அடிச்சா எப்படி விரியும்? சாய்ச்சுப் போட்டா அது நிக்கிற வாகு உனக்கு எப்படித் தெரியும்?"

லாடங்களைக் கழற்றினேன். குளம்போடு ஒட்டியிருந்த பக்கம் முழுக்கத் துரு. ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டேன், ஏனோ.

தப்பு என்னுடையதுதான் என்று ஜாஸ்மினிடம் சொன்னேன். "தெரியும் அண்ணாச்சி. நீங்களே சொல்லட்டும்னு இருந்தேன்." அவமானமாக இருந்தது. சொன்னதில் நிம்மதியும் இருந்தது.

2 மார்ச், ஞாயிறு

லாடம் இல்லாமல் மணலில் நடத்துகிறோம். இன்று இரண்டு தடவை குதிகாலை ஊன்றியது. நானும் ஜாஸ்மினும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்; கண் பட்டுவிடும் என்று வாய் திறக்கவில்லை.

16 மார்ச், ஞாயிறு

எட்வினுக்கு முட்டி வலி, வீடியோ காலில் வந்தான். ஜாஸ்மின் போனைப் பிடித்தாள். இந்த முறை கயிறு இல்லை. மல்லியை நிற்க வைத்து, நடக்கவிட்டு, மறுபடி நிற்க வைத்து, நீண்டிருந்த நுனியை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். குளம்பு தரையில் சமமாக விழும் வரை எட்வின் விடவில்லை. பிறகு அந்தக் குளம்பின் அளவுக்கு லாடத்தை வளைத்தேன். முன்பெல்லாம் லாடத்துக்குத் தக்கபடி குளம்பைச் சீவுவேன்.

ஆறு ஆணி, எல்லாம் முன்பாதியில். கழன்றுவிடுமோ என்று கை குதிகால் பக்கமே போகிறது. "கைய எடுலே" என்று போனுக்குள் இருந்து சத்தம்.

29 மார்ச்

கழலவில்லை.

27 ஏப்ரல், ஞாயிறு

நேற்று மல்லி மாப்பிள்ளையைச் சுமந்து முடங்கியார் ரோடு முழுக்க நடந்தது. நொண்டல் இல்லை. ஜாஸ்மினின் அண்ணன் விற்கிற பேச்சையே எடுக்கவில்லை.

ஆறு வாரம் ஆகிவிட்டதால் இன்று மாற்றி அடிக்கப் போனேன். கழற்றிய லாடத்தைத் திருப்பினேன். முன்பக்கம் துரு. குதிகால் இருக்கும் இரண்டு முனையிலும் இரும்பு தேய்ந்து பளபளவென்று இருந்தது. அடிக்கு அடி குதிகால் அங்கே விரிந்து சுருங்கியிருக்கிறது. பையிலிருந்து, முழுக்கத் துருப்பிடித்த பழையதை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

"என்ன அண்ணாச்சி, லாடத்தையே பாத்துக்கிட்டு இருக்கிய?"

"தொட்டுப் பாரும்மா" என்று இரண்டையும் அவள் கையில் கொடுத்தேன்.